வேலை வறண்ட ஊர்கள்: வறட்சி ஏன் தலைமுறை தாண்டுகிறது?



1936 அக்டோபர் 5. இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையிலுள்ள ஜாரோ என்ற சிறு நகரிலிருந்து 200 ஆண்கள் லண்டனை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 450 கிலோமீட்டர் தொலைவு. அவர்கள் எடுத்துச் சென்ற ஓக் மரப் பெட்டிக்குள் ஊரார் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்ட மனு இருந்தது. மனுவில் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: எங்கள் ஊருக்கு வேலை வேண்டும்.

ஜாரோவின் சோறு பாமர்ஸ் கப்பல் தளத்திலிருந்து வந்தது. சுமார் 80 ஆண்டுகள் அங்கே கப்பல் கட்டினார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் கப்பல் வாங்குவோர் குறைந்தபோது, கப்பல் கட்டும் முதலாளிகள் தங்களுக்குள் ஒரு நிறுவனம் அமைத்து, மிஞ்சிய தளங்களை வாங்கி மூடினார்கள். 1934-இல் பாமர்ஸும் அப்படி மூடப்பட்டது. அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: அந்த இடத்தில் 40 ஆண்டுகளுக்கு எவரும் கப்பல் கட்டக் கூடாது. ஒரு ஊரின் வேலையை அந்த ஊரின் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் எழுத்தில் தடுத்து வைத்தார்கள். ஜாரோவின் நாடாளுமன்ற உறுப்பினர் எலன் வில்கின்சன் அந்த ஊரைப் பற்றி 1939-இல் ஒரு நூல் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயரின் பொருள், ‘கொலை செய்யப்பட்ட ஊர்’.

நான் இன்று பேச வந்தது ஜாரோவின் துயரக் கதையை மட்டும் அல்ல. 1934-இல் பிரிட்டன் அரசு ஒரு சட்டம் போட்டது. வேலையின்மை மிகக் கடுமையான இடங்களைச் ‘சிறப்புப் பகுதிகள்’ என்று குறித்தது. தென் வேல்ஸ், டைன் ஆற்றங்கரையும் டர்ஹமும், மேற்குக் கம்பர்லாந்து, ஸ்காட்லாந்தின் தொழிற்பகுதி. அப்போது வேல்ஸில் காப்பீடு பெற்ற தொழிலாளரில் மூன்றில் ஒருவருக்கு மேல் வேலையில்லாமல் இருந்த ஆண்டும் உண்டு. லண்டன் வட்டாரத்தில் அது ஏழில் ஒருவர் அளவுதான். இந்தப் பெயர்களை நினைவில் வையுங்கள். 1980-களில் வேலையின்மை மறுபடி ஏறியபோது முன்வரிசையில் நின்றவை பெரும்பாலும் இதே பெயர்கள். உடல்நலக் குறைவால் வேலைச் சந்தைக்கு வெளியே நிற்பவர்கள் மிகுந்த இடங்கள் எவை என்று இன்று தேடினாலும், தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளும் வடகிழக்குக் கரையும் பட்டியலில் மேலேதான் இருக்கின்றன. இடையில் ஓர் உலகப் போர் வந்து போயிற்று. சுரங்கங்கள் நாட்டுடைமையாயின, பிறகு மூடப்பட்டன. எத்தனையோ அரசுகள் வந்து போயின. வரைபடம் மட்டும் பெரிதாக மாறவில்லை.

ஏன்? ஒரு நாட்டில் வேலையின்மை ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. ஒரே நாட்டுக்குள், ஒரே சட்டத்தின் கீழ், ஒரே நாணயம் புழங்கும் இடத்தில், ஒரு பக்கம் எப்போதும் வறண்டே இருப்பது ஏன்?

நம் ஊர்ச் சங்கிலி ஏரிகளை எடுத்துக்கொள்வோம். மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழிந்து, வரத்துக்கால் வழியே கீழ் ஏரிக்குத் தண்ணீர் வரும். பொருளாதாரப் பாடநூலும் வேலையைப் பற்றி இப்படித்தான் எதிர்பார்க்கிறது. வேலை மிகுந்த இடத்துக்கும் வேலை இல்லாத இடத்துக்கும் நடுவே மூன்று கால்வாய்கள் உண்டு என்கிறது. ஆட்கள் வேலை இருக்கும் இடத்துக்குப் போவார்கள். வேலை இல்லாத இடத்தில் கூலி இறங்கும். மலிவாக ஆள் கிடைப்பதைப் பார்த்து முதலாளி அங்கே வருவார். சில ஆண்டுகளில் இரண்டு ஏரியிலும் நீர் சமமாகும். கணக்கு தெளிவாக இருக்கிறது. களத்தில் இந்த மூன்று கால்வாய்களும் என்ன ஆகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கால்வாய், ஆட்கள் வெளியேறுவது. இதில் உலகுக்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட நாடு அமெரிக்கா. ஒலிவியே பிளான்ஷார், லாரன்ஸ் காட்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 1992-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாநிலத்தில் பெரிய தொழில் விழுந்தால், அங்கே ஏறிய வேலையின்மை விகிதம் ஏறக்குறைய ஆறேழு ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது என்று காட்டினார்கள். கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: போன வேலைகள் திரும்பி வரவில்லை. ஆட்கள் வெளியேறியதால்தான் விகிதம் இறங்கியது. ஊர் தேறவில்லை, சிறுத்துப் போயிற்று.

பின்னாளில் அமெரிக்காவிலேயே இந்தக் கால்வாய் தூர்ந்து போனது. மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்வோர் விகிதம் 1980-களுக்குப் பிறகு தொடர்ந்து குறைந்துவந்தது. 2001-இல் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. அங்கிருந்து வந்த மலிவான இறக்குமதியால் அடிபட்ட மரச்சாமான், துணி ஆலை ஊர்களைப் பொருளியலாளர் டேவிட் ஆட்டரும் அவரோடு உழைத்தவர்களும் ஆராய்ந்தார்கள். பத்தாண்டு கழித்தும் அந்த ஊர்களில் வேலை குறைவாகவே இருந்தது. மக்கள் எதிர்பார்த்த அளவுக்கு வெளியேறவும் இல்லை.

“வேலை இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதானே, உட்கார்ந்திருப்பது சோம்பேறித்தனம்” என்று நம்மிடையேயும் சொல்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது: எங்கே குடியிருப்பது? 1970-களின் பிரிட்டனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குடும்பம் நகராட்சி வாடகை வீட்டில் இருந்தது. அந்த வீட்டை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனால், அந்த ஊர் நகராட்சியின் காத்திருப்போர் பட்டியலில் கடைசியில் நிற்க வேண்டும். சொந்த வீடு வைத்திருந்தவர் நிலை இன்னும் மோசம். சுரங்கம் மூடிய ஊரில் வீட்டு விலை விழுந்துவிடுகிறது. அதை விற்ற காசுக்கு லண்டனில் ஒரு அறைகூடக் கிடைக்காது. வேலை மிகுந்த இடத்தில் வாடகை உயர்கிறது. அந்த உயர்வே, வர நினைப்பவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. சொந்த ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தாய் இருக்கிறாள், படுக்கையில் கிடக்கும் தகப்பனைப் பார்த்துக்கொள்ள மகள் இருக்கிறாள். இந்த உறவுகளுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஆனால் ஊரை விட்டுப் போகும் குடும்பம் இவற்றுக்கெல்லாம் காசு கொடுத்தாக வேண்டும்.

போகிறவர்கள் யார் என்பது அடுத்த கேள்வி. 1928-இலேயே பிரிட்டன் அரசு சுரங்கத் தொழிலாளரைத் தெற்குக்கும் நடுநாட்டுக்கும் அனுப்ப ஒரு திட்டம் போட்டது. அரசு அனுப்பியவர்களைவிடத் தாமே போனவர்கள் அதிகம். வேல்ஸ் பள்ளத்தாக்குகளிலிருந்து பலர் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் கௌலியிலிருந்த கார் ஆலைகளுக்குப் போனார்கள். முதலில் போனவர் தம்பியை அழைத்தார். தம்பி பக்கத்து வீட்டுப் பையனை அழைத்தார். நமக்குப் பழக்கமான வழிதான். அப்படிப் போனவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், உடல் வலுவுள்ளவர்கள், புதிதாகக் கற்க அஞ்சாதவர்கள். ஊரில் இருந்திருந்தால் ஒரு பட்டறை வைத்திருக்கக் கூடியவர்கள், ஒரு கடை திறந்திருக்கக் கூடியவர்கள், நகராட்சியில் குரல் கொடுத்திருக்கக் கூடியவர்கள். அவர்கள் போனதும் கடைக்காரர் வாடிக்கையாளரை இழந்தார், பள்ளி பிள்ளைகளை இழந்தது, அந்தப் பிள்ளைகளுக்காக இருந்த ஆசிரியர் வேலையும் போயிற்று.

இங்கேதான் ஏரிக் கணக்கு தவறுகிறது. அந்தக் கணக்கு மனிதர்களைத் தண்ணீராக எண்ணுகிறது. மனிதர்கள் ஊருக்குக் கரை. கீழ் ஏரியின் கரை மண்ணை வெட்டி மேல் ஏரிக் கரையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அடுத்த மழையில் கீழ் ஏரி ஏன் நிரம்பவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? வெளியேறும் தனிமனிதருக்கு அது நல்லது. அவரைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வெளியேற்றத்தை ஊருக்கான மருந்தாக எழுதிக் கொடுப்பவர்கள், அது அடுத்த ஆண்டின் நோயையும் சேர்த்துத் தருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது கால்வாய், கூலி. இதற்கு இத்தாலிக்குப் போவோம். 1861-இல் ஒன்றான நாடு. ஆனாலும் வடக்கும் தெற்கும் இன்றுவரை இரண்டு நாடுகள் போலத்தான் உழைக்கின்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அங்கே பகுதிக்குப் பகுதி கூலி வேறாக வைத்திருந்தார்கள். அதை மக்கள் ‘சம்பளக் கூண்டுகள்’ என்று அழைத்தார்கள். ஒரே வேலைக்கு வடக்கே மிலானில் ஒரு கூலி, தெற்கே கலாப்ரியாவில் குறைந்த கூலி. தொழிலாளர்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். 1969-இல் கூண்டுகளைக் கலைக்க ஒப்பந்தமாயிற்று. அதற்குப் பிறகு நாடு முழுவதற்கும் ஒரே கூலி ஒப்பந்தம்.

அதிலிருந்துதான் தெற்கின் வேலையின்மை இறுகியது என்று வாதிடும் பொருளியலாளர்கள் பலர். அவர்கள் வாதத்தில் உண்மை உண்டு. மின்சாரமும் சாலையும் நீதிமன்றமும் மெதுவாக நகரும் இடத்தில், வடக்கில் கொடுக்கும் அதே கூலியைக் கொடுத்து ஆலை வைக்க முதலாளி தயங்குவார். சட்டத்துக்கு வெளியே ஒப்பந்தமில்லாமல் குறைந்த கூலிக்கு ஆள் வைப்பதும் தெற்கில் பெருகியது. ஆனால் வரலாற்றின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். தெற்கிலிருந்து டுரினுக்கும் மிலானுக்கும் லட்சம் லட்சமாக மக்கள் ரயிலேறியது கூண்டுகள் நடப்பில் இருந்த 1950-களிலும் 60-களிலும்தான். இயக்குநர் விஸ்கோந்தி 1960-இல் எடுத்த ‘ரோக்கோவும் அவன் சகோதரர்களும்’ திரைப்படம் அப்படி மிலானுக்கு வந்த ஒரு தெற்கத்திக் குடும்பத்தின் கதை. குறைந்த கூலி அப்போது ஆலைகளைத் தெற்குக்கு இழுத்துவரவில்லை. கூலி மலிவு என்பது ஆலைக்குத் தேவையான பத்துப் பொருள்களில் ஒன்று. மற்ற ஒன்பதும் இல்லாத இடத்தில் அந்த ஒன்றை வெட்டிக்கொண்டே போனால் உழைப்பவர் வயிறுதான் காயும்.

மூன்றாவது கால்வாய், தொழில் வருவது. தொழில் ஏன் ஏற்கெனவே தொழில் இருக்கும் இடத்துக்கே போகிறது என்பதைப் பொருளியலாளர் ஆல்ஃப்ரெட் மார்ஷல் 1890-லேயே விளக்கினார். ஒரு தொழில் ஓர் ஊரில் வேரூன்றினால் அதற்கு வேண்டிய ஆள், உதிரிப்பொருள், நுணுக்கம் மூன்றும் அங்கேயே சேர்கின்றன. திருப்பூரில் பனியன் தொழிலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு தெருவில் நூல், அடுத்த தெருவில் சாயம், அதற்கடுத்து பட்டன், ஊசி உடைந்தால் ஓடிவரும் மெக்கானிக். இதை விட்டுவிட்டு எவர் வெறுங்காட்டில் போய் ஆலை வைப்பார்?

அரசு பணம் கொடுத்து வரவழைக்கலாமே என்பீர்கள். இத்தாலி அதைத்தான் செய்தது. 1950-இல் தெற்குக்கென ஒரு பெரும் வளர்ச்சி நிதியத்தை அமைத்தது. அது 1984 வரை நடந்தது. முதற்காலத்தில் அணையும் குழாயும் சாலையும் போட்டார்கள். அது நல்ல பணி, தெற்கு முன்னேறியது. பிறகு பெரிய ஆலைகளைக் கொண்டுவந்து நட்டார்கள். தரந்தோவில் ஐரோப்பாவின் மிகப் பெரிய இரும்பாலைகளில் ஒன்று எழுந்தது. ஆனால் அந்த இரும்பை வாங்கிப் பொருள் செய்யும் பட்டறைகள் அதைச் சுற்றி முளைக்கவில்லை. ஜோயா தௌரோவில் இன்னொரு இரும்பாலை வரும் என்று ஆலிவ், ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துத் துறைமுகம் தோண்டினார்கள். ஆலை வரவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து 1995-இல் அந்தத் துறைமுகம் சரக்குப் பெட்டகங்களுக்குப் பயன்பட்டது. இப்படி நின்ற தனி ஆலைகளை இத்தாலியர்கள் ‘பாலைவனத்துப் பேராலயங்கள்’ என்றார்கள்.

இதற்கிடையே தெற்கு இளைஞர்களுக்கு நிலையான வேலை என்றால் அரசு வேலை என்றாகிவிட்டது. அதற்கான போட்டித் தேர்வுக்காகப் பெற்றோர் வீட்டில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பின் வலி இந்த அவையில் பலருக்குத் தெரியும். 2014-இல் தெற்கு இத்தாலியின் வேலையின்மை 20 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது; வடக்கில் 9-க்குள். 2023-இல் தெற்கில் சுமார் 14, வடக்கில் 5-க்கும் கீழ். இரண்டும் இறங்கிவிட்டன என்று மகிழலாம். ஆனால் 2014-இல் வடக்கைப் போல இரண்டரை மடங்குக்குள் இருந்த தெற்கின் சுமை 2023-இல் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது.

பிரிட்டனுக்குத் திரும்பினால், அதே டைன் ஆற்றங்கரையிலும் அதன் பக்கத்திலும் இரண்டு பாடங்கள் அருகருகே இருக்கின்றன. 1997-இல் சீமென்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலையை டைன் கரையில் அரசியாரே வந்து திறந்துவைத்தார். உலகச் சந்தையில் சிப் விலை சரிந்ததும், 1998-இல் அதை மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். பக்கத்தில் சண்டர்லாந்தில் 1986-இல் உற்பத்தியைத் தொடங்கிய நிஸான் கார் ஆலை இன்றும் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தருகிறது. முன்னதன் முடிவுகளை வேறு நாட்டுத் தலைமையகம் எடுத்தது, பின்னதற்கும் அப்படித்தான். நிஸானைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் ஆலைகள் வந்து குடியேறின, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தொடர்ந்தது என்பதுதான் வேற்றுமை. பிடுங்கிக்கொண்டு போக முடியாத அளவுக்கு வேர் மண்ணில் இறங்கியது.

இதுவரை கணக்கில் தெரியும் வேலையின்மையைப் பேசினேன். கணக்கில் தெரியாத ஒன்றும் உண்டு. 1984-85-இல் பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். அப்போது 170-க்கு மேல் இருந்த சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடியது. இத்தனை வேலை போயும், பல சுரங்க ஊர்களில் பதிவான வேலையின்மை அந்த அளவுக்கு ஏறவில்லை. மாயம் ஒன்றும் நடக்கவில்லை. ‘வேலையில்லாதவர்’ என்று கணக்கில் சேர வேண்டுமானால் வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டும். ஐம்பது வயதில் நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்த மனிதர், முழங்கால் தேய்ந்த மனிதர், சுரங்கம் திறந்திருந்தால் இலகுவான வேலைக்கு மாறியிருப்பார். மூடியபின் அவரை எடுக்க ஆளில்லை. மருத்துவச் சான்றோடு இயலாமை உதவித்தொகைக்குப் போனார். தேடுவதை நிறுத்தினார், கணக்கிலிருந்து மறைந்தார். நாடு முழுவதும் இந்த உதவித்தொகை பெற்றோர் 1970-களின் இறுதியில் சில லட்சங்களாக இருந்து, பின்னர் 25 லட்சத்தை எட்டினார்கள். கிறிஸ்டினா பீட்டி, ஸ்டீவ் ஃபாதர்கில் என்ற ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் இதை மறைந்த வேலையின்மை என்று ஆண்டுக்கணக்கில் எடுத்துக் காட்டினார்கள். அந்த நோய் பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. வேலை நிறைந்த ஊரில் அதே உடம்போடு அதே மனிதருக்கு ஒரு வேலை கிடைத்திருக்கும் என்றார்கள்.

நீண்ட நாள் வேலையின்றி இருப்பது மனிதரை மாற்றுகிறது. கைப்பழக்கம் போகிறது, வேலைச் செய்தி சொல்லும் நண்பர் வட்டம் போகிறது, ஏனென்றால் அந்த நண்பருக்கும் வேலையில்லை. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் தகப்பனைப் பார்க்காமலே ஒரு பிள்ளை வளர்கிறது. ஊருக்கும் ஊருக்குமான இடைவெளி ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு இப்படித்தான் கைமாறுகிறது. ஆகவே அது பழைய காயத்தின் வடு என்று மட்டும் எண்ணிவிட முடியாது. போகும் இளைஞர், விழும் வீட்டு விலை, மூடும் பள்ளி, தேடுவதை நிறுத்தும் மனிதர் வழியாக அது ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பிறக்கிறது.

இந்த இடைவெளி குறைந்த இடமே இல்லையா? உண்டு. கிழக்கு ஜெர்மனி. 1990 ஜூலை 1-இல் மேற்கின் நாணயம் கிழக்குக்கு வந்தது. சம்பளங்களை ஒன்றுக்கு ஒன்று என மாற்றினார்கள். கிழக்கின் ஆலைகளால் அந்தச் சம்பளத்தையும் கொடுத்துப் போட்டியிலும் நிற்க முடியவில்லை. அரசு ஆலைகளை விற்கவும் மூடவும் அமைக்கப்பட்ட நிறுவனம் 1994-இல் பணியை முடித்தபோது லட்சக்கணக்கான வேலைகள் போயிருந்தன. 2005-இல் கிழக்கில் வேலையின்மை 18 விழுக்காட்டுக்கு மேல். மேற்கில் சுமார் 10. 2023-இல் கிழக்கில் சுமார் 7, மேற்கில் 5-க்குச் சற்று மேல். சாலை, தொலைபேசி, பல்கலைக்கழகம் என்று அரசு பல பத்தாண்டுகள் கை எடுக்காமல் பணம் போட்டது. டிரெஸ்டனில் சிப் தொழில், லைப்ஸிக்கில் கார் ஆலைகள், பழைய கண்ணாடித் தொழில் மரபுள்ள யேனாவில் ஒளியியல் என்று வேரூன்றின. ஆனால் விலையும் கொடுத்தார்கள். வந்தவர்களைக் கழித்தாலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்கே போய்விட்டார்கள். அவர்களில் இளம்பெண்கள் மிகுதி. விகிதம் இறங்கியதில் ஒரு பங்கு, தேடுவோர் முதுமையடைந்து ஓய்வுபெற்றதால் வந்தது. எண்ணைப் பார்த்தவர்கள் வெற்றி என்கிறார்கள். பிள்ளைச் சத்தமில்லாத சிற்றூர்களில் வாழ்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. ஆண்டுதோறும் பிறக்கும் நோய்க்கு ஐந்தாண்டுத் திட்டம் போதாது. ஒரு பெரிய ஆலையைத் திறந்து நாடா வெட்டினால் போதாது. ஊர் தன் கரை மண்ணைத் திரும்பச் சேர்க்க ஒரு தலைமுறைக் காலம் ஆகும்; அதுவரை உதவி நிற்கக் கூடாது. வெளியே போய்ப் படித்தவர் திரும்பி வந்தால் தொழில் தொடங்க இடமும் கடனும் இருக்க வேண்டும். போகிறவருக்குப் போகும் இடத்தில் வீடு கிடைக்க வேண்டும். இருக்கிறவருக்கு, ஊரில் குடியிருந்தபடியே பக்கத்து நகரில் வேலை பார்த்துத் திரும்பப் பேருந்தும் ரயிலும் வேண்டும். எந்தத் தொழில் வந்தாலும், உள்ளூரில் எத்தனை சிறு பட்டறைகள் அதைச் சார்ந்து பிழைக்கும் என்று முதலில் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, வேலையின்மை விகிதம் இறங்கியது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அந்த ஊரில் வேலை கூடியதா, ஆட்கள் குறைந்தார்களா, தேடுவதை நிறுத்தினார்களா என்று கேட்கப் பழக வேண்டும்.

ஜாரோவிலிருந்து நடந்தவர்கள் 1936 அக்டோபர் 31-இல் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். சில நாள் கழித்து எலன் வில்கின்சன் மனுவை நாடாளுமன்றத்தில் வைத்தார். சபை அதைப் பெற்றுக்கொண்டு அடுத்த அலுவலுக்குப் போய்விட்டது. ரயிலேறி ஊர் திரும்பியவர்களுக்கு ஒரு செய்தி காத்திருந்தது. நடந்த நாள்களுக்கு அவர்களுடைய உதவித்தொகையைக் குறைத்திருந்தார்கள். காரணம்: அந்த நாள்களில் வேலை வந்திருந்தால் அதை ஏற்க அவர்கள் ஊரில் இல்லை.

வேலை கேட்டு நடந்தவர்களை வேலைக்குத் தயாராக இல்லாதவர்கள் என்று ஒரு பதிவேடு எழுதிக்கொண்டது. அந்தப் பதிவேட்டை மூடிவிட்டு அந்த 200 பேரின் முகங்களைப் பார்க்கும் கண் நமக்கு வேண்டும். உங்களில் பொருளியல் படிப்பவர்கள் இருக்கிறீர்கள். நாளை அதிகாரிகளாகப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். வறண்ட ஊரிலிருந்து ஒரு மனு உங்கள் மேசைக்கு வரும். அன்று ஜாரோவை நினைத்துக்கொள்ளுங்கள்.